நேரம் யாருடைய உடைமை?

உழைப்பைப் போற்றாத தமிழ் மேடை இல்லை. ஓய்வைப் பற்றிப் பேசும் தமிழ் மேடை அரிது. பள்ளிப் பரிசளிப்பு விழாவாயினும் ஆலயத் திருவிழாவாயினும் இளைஞரை நோக்கிக் கூறப்படும் அறிவுரை ஒன்றே. நன்றாகப் படிக்க வேண்டும். நிலையான வேலையில் அமர வேண்டும். கடனை அடைத்து, வீட்டை வாங்கி, பிள்ளைகளைக் கரையேற்ற வேண்டும். அறுபது வயது நிறைந்த பின்னர், உடலில் வலு எஞ்சியிருந்தால், காசிக்கோ இராமேசுவரத்துக்கோ போய்வரலாம். வாழ்வின் மகிழ்ச்சியனைத்தும் பணி ஓய்வு என்னும் வேலிக்கு அப்பால் தள்ளி வைக்கப்பட்டுள்ளது. அந்த வேலியைத் தாண்டும் முன்னரே மறைந்துபோன தந்தையரின் கணக்கை எந்தப் பேச்சாளரும் மேடையில் கூறுவதில்லை.

இந்த அறிவுரையை இளைய தலைமுறை ஏற்க மறுக்கத் தொடங்கிவிட்டது. பெருநகரங்களில் மட்டுமன்று, கெடா மாநிலத்துக் குருண் போன்ற சிற்றூர்களிலும் இம்மறுப்பு ஒலிக்கிறது. வேலை நேரத்தைத் தம் வாழ்வுக்கு ஏற்ப அமைத்துக்கொண்டு, பொருளீட்டி, கால் வலுவோடு இருக்கும்போதே நாலு ஊர் பார்க்க வேண்டும் என்று அவர்கள் விரும்புகின்றனர். இவ்விருப்பத்தைக் கண்டு ஒரு சாரார் முகம் சுளிக்கின்றனர். ஊதாரித்தனம் என்றும் பொறுப்பின்மை என்றும் பழிக்கின்றனர். மற்றொரு சாராரோ முகம் மலர்கின்றனர். ‘உன் நேரம் உன் கையில்’ என்று விளம்பரப் பலகை எழுதி, அவ்விருப்பத்தையே முதலாக்கி வாணிகம் செய்கின்றனர். முதல் சாரார் அறியாமையால் தீங்கு செய்கின்றனர். இரண்டாம் சாரார் அறிந்தே செய்கின்றனர். விருப்பம் நேர்மையானது, அதற்குக் காட்டப்படும் வழியே பொல்லாதது. இவ்விரண்டையும் பிரித்தறிய மாணவனுக்குக் கற்பிக்காத கல்வி, அவனைத் தெருவில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் கல்வியாகும்.

பழிப்போர் கூற்று

ஊர் சுற்றுதலைப் பழிப்போர் முதலில் துணைக்கு அழைப்பது திருக்குறளை. மடியின்மை, ஆள்வினையுடைமை ஆகிய அதிகாரங்களை எடுத்துக்காட்டி, ஓய்வை நாடுபவன் சோம்பேறி என்று தீர்ப்பளித்துவிடுகின்றனர். வள்ளுவர் கடிந்தது மடியை; செய்யத்தக்க செயலைச் செய்யாது சோர்ந்து கிடத்தலை. வாரம் ஐந்து நாள் ஒழுங்காக உழைத்துவிட்டு ஆறாம் நாள் மலையேறுகின்றவனை அவர் எவ்விடத்தும் கடிந்தாரில்லை. அன்றியும், அவ்விரு அதிகாரங்களும் பொருட்பாலில் அரசியல் என்னும் பகுதியுள் அமைந்தவை. நாட்டைத் தாங்குவோன் சோம்பலாகாது என்பதே அங்கு முதற்பொருள். தலைவனுக்குக் கூறிய அறத்தைத் தலைவன் மேல் செலுத்தாமல் தொழிலாளியின் தோளில் மட்டும் ஏற்றிவைப்பது நேர்மையான உரை ஆகுமா?

தமிழ் இலக்கியம் பயணத்தை இழிவாகக் கருதியதும் இல்லை. பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை. பாணரும் பொருநரும் கூத்தரும் யாழும் முழவும் சுமந்து, காடும் மலையும் கடந்து, தொழிலையும் பயணத்தையும் ஒன்றாக்கி வாழ்ந்தனர். பூம்புகாரில் இந்திர விழா இருபத்தெட்டு நாள் நடைபெற்றதாக மணிமேகலை கூறுகிறது. ஒரு நகரமே கூடிக் களிப்பதற்கு ஏறத்தாழ ஒரு திங்களை ஒதுக்கிய மரபினர், ஒரு வாரம் விடுப்புக் கேட்கும் மகனை நோக்கிக் கண்ணை உருட்டுவது வியப்பிற்குரியது.

அண்மை நூற்றாண்டிலும் சான்று உண்டு. ஏ. கே. செட்டியார் இரங்கூனில் ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராக இருந்தவர். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நிழற்படக் கலை பயின்றவர். காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி நாடு நாடாக அலைந்து, 1940ஆம் ஆண்டில் ஆவணப்படத்தை வெளிக்கொணர்ந்தவர். பின்னர் ‘குமரி மலர்’ நடத்தியவர். பயணமே அவருக்குத் தொழிலாயிற்று, தொழிலே பயணமாயிற்று. அவரை ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்று பாராட்டிய சமுதாயம், தன் வீட்டுப் பிள்ளை சுற்ற விரும்பினால் மட்டும் ‘ஊர் சுற்றி’ என்று ஏசுகிறது. உலகம் சுற்றினால் பெருமை, ஊர் சுற்றினால் சிறுமை போலும்!

‘ஏழைக்கு எதற்கு உல்லாசம்?’ என்பது அடுத்த கேள்வி. இக்கேள்வியில் ஏழையின்மேல் இரக்கம் இருப்பதுபோல் தோன்றும். உள்ளே இருப்பது இகழ்ச்சியே. ஏழைக்கு உடல் உண்டு, உடல் அலுக்கும்; மனம் உண்டு, மனம் சலிக்கும். உல்லாசம் என்றால் விமானமும் விடுதியும் என்று பொருள்கொள்வது செல்வர் வகுத்த அகராதி. குருணை எடுத்துக்கொள்வோம். ஊரின் தலைமேல் 1,217 மீட்டர் உயர ஜெராய் மலை நிற்கிறது. மலையின் மறுபுறச் சரிவில் மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கின் தொல்பொருளகமும், புக்கிட் பத்து பாஹாட் கோயிலின் கருங்கல் அடித்தளமும் உள்ளன. 2015ஆம் ஆண்டு முதல் பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் பெசார் வரை ஓடும் கொம்யூட்டர் மின்தொடர்வண்டி குருண் நிலையத்தில் நின்று செல்கிறது. இவற்றைப் பார்க்கச் செல்வம் தேவையில்லை. தேவைப்படுவது ஒரு முழு நாள். இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மேல் படையெடுத்ததை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் மாணவர்களுள் எத்தனை பேர் அந்தக் கடாரத்தின் கற்களைக் கையால் தொட்டுப் பார்த்திருக்கின்றனர் என்று ஆசிரியர்கள் தத்தம் வகுப்பில் கேட்டுப் பார்க்கலாம். அழைத்துச் செல்லப் பெற்றோருக்கு நாள் இல்லை என்பதே பெரும்பாலும் விடையாக வரும். குறைவது பணம் மட்டுமன்று, நேரமும்தான்.

தோட்டத்தில் நேரம்

நேரம் யாருக்கு உரியது என்னும் வழக்கு மலேசியத் தமிழருக்குப் புதியதன்று. நூறாண்டுக்கு மேலாக அவர்கள் நடத்தி வரும் வழக்கு அது.

கித்தா மரத்தில் பால் நன்கு சுரப்பது வைகறைக் குளிர்ச்சியில். ஆகவே விடியுமுன் பெரட்டு. பிறகு நிரை நிரையாக மரம் வெட்டு. வெயில் ஏறும் முன் மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக் காண்டா சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவந்து நிறுத்தல். நண்பகலோடு வேலை முடிந்தது, பிற்பகல் முழுதும் தொழிலாளிக்கு ஓய்வு என்று வெளியிலிருந்து பார்ப்போர் எண்ணுவர். அந்தப் பிற்பகல் அவனுக்குச் சொந்தமாக இல்லை. குடியிருந்த லயத்து வீடு தோட்டத்தினுடையது. வேலை போனால் வீடும் போகும். வெளியார் உள்ளே வரவும் அனுமதி வேண்டும். மாலைப்பொழுதுக்குத் தோட்ட நிர்வாகம் மனமுவந்து அமைத்துத் தந்த பொழுதுபோக்கு கள்ளுக்கடை. காலையில் கொடுத்த கூலியை மாலையில் திரும்பப் பெறும் ஏற்பாடு அது.

மழை பெய்தால் மரம் வெட்ட இயலாது. வெட்டாத நாளுக்குக் கூலி இல்லை. இன்று புதுமை என்று கொண்டாடப்படும் ‘நெகிழ்வு வேலை’ அன்றே இருந்தது; மழைக்கும் துரைக்கும் ஏற்ப வளைந்தது தொழிலாளியின் வயிறு. வேலை நெகிழ்ந்தபோதெல்லாம் நட்டம் அவனுக்கு, நாள் பிறருக்கு.

இந்த நிலையை எதிர்த்துப் போராடியோர் கூலியை மட்டும் கேட்கவில்லை. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பார்க்க வேண்டும். கூலி உயர்வு கேட்டனர். பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னனர். உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோகும் உரிமை கேட்டனர். துரையையோ கிராணியையோ எதிர்ப்பட்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கச் சொன்னனர். மிதிவண்டியில் இறங்காமல் போவதும் ஓர் உரிமை என்று அறிந்திருந்த மக்கள் அவர்கள். ஆங்கில அரசு படையை ஏவி அவர்களை அடக்கியது. தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

போர் முடிந்த பின் அதே குரல் கெடாவில் எழுந்தது. குருணுக்குத் தெற்கே பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்டு தோட்டத்தை மையமாகக் கொண்டு, ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை திரண்டது. கள்ளுக்கடை மறியலே அதன் முதன்மைப் பணி. 1947 பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் அது காவல் துறையினரோடு மோதலாக முற்றிப் பலர் சிறை சென்றனர். இதனை வெறும் மதுவிலக்கு இயக்கம் என்று சுருக்கிக் கூறுவது வழக்கமாகிவிட்டது. தொழிலாளி தன் மாலைப்பொழுதை எவ்வாறு கழிக்க வேண்டும் என்பதைத் தோட்டம் முடிவு செய்யக் கூடாது, தொழிலாளியே முடிவு செய்ய வேண்டும் என்பதன்றோ அதன் உட்பொருள்? ஓய்வை மீட்கவே அவர்கள் மறியல் செய்தனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று ஓய்வை விரும்பினால் அதைப் பண்பாட்டுக் கேடு என்று எவ்வாறு கூற இயலும்?

இக்கேள்வி உலகெங்கும் எழுந்ததுதான். எட்டு மணி நேர வேலைக்கான போரின் நினைவே மே நாள். அதை இந்திய மண்ணில் முதன்முதல் கொண்டாடியவர் சென்னைச் சிங்காரவேலர், 1923இல். பொருளியலறிஞர் கெயின்ஸ், நூறாண்டு கழிந்தபின் மனிதர் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் உழைத்தாலே போதும் என்று 1930இல் எழுதினார். அவர் குறித்த 2030 நெருங்கிவிட்டது. இயந்திரம் பெருகியது, உற்பத்தி பெருகியது, செல்வமும் பெருகியது. மணிக்கணக்கு மட்டும் குறைய மறுக்கிறது. மிச்சமான நேரம் எங்கே போயிற்று என்று கேட்பது சோம்பேறியின் கேள்வி அன்று, ஏமாற்றப்பட்டவனின் கேள்வி.

விலைபேசுவோர்

இனி, ‘உன் நேரம் உன் கையில்’ என்போரைக் காண்போம்.

மோட்டார் சைக்கிள்களை உருவாக்கும் மோடெனாஸ் தொழிற்சாலை குருணில் உள்ளது. அது தொடங்கப்பட்டது 1995ஆம் ஆண்டில். உள்ளூர் இளைஞன் மோட்டார் சைக்கிளை உற்பத்தி செய்யும் வேலையைவிட அதன்மேல் அமர்ந்து உணவுப் பொட்டலம் கொண்டுசெல்லும் வேலையை மேலாகக் கருதும் காலம் இது. காரணம் எளிது. தொழிற்சாலையில் மணியடித்தால் உள்ளே போக வேண்டும். இங்கே கைப்பேசிச் செயலியைத் திறந்தால் வேலை, மூடினால் ஓய்வு. விரும்பிய நாளில் ஓடலாம். சேர்த்த பணத்தோடு விரும்பிய நாளில் லங்காவிக்கும் போகலாம், தாய்லாந்துக்கும் போகலாம். முதலாளி இல்லை, மேற்பார்வையாளர் இல்லை. கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இனிமை கரைந்துவிடும். மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் பெறும் தொழிலாளிக்கு ஊழியர் சேமநிதி வாரியத்தில் முதலாளி செலுத்த வேண்டிய பங்கு நூற்றுக்குப் பதின்மூன்று. மாதம் ஏறத்தாழ 221 வெள்ளி, ஆண்டுக்கு ஏறத்தாழ 2,650 வெள்ளி. ‘முதலாளியே இல்லாத’ இளைஞனுக்கு இப்பங்கைச் செலுத்த எவருமில்லை. சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்பு இல்லை. நோய் விடுப்பு இல்லை. பொதுவிடுமுறைக் கூலி இல்லை. பெட்ரோலும் டயரும் அவன் செலவு. மழை பெய்தால் பாட்டன் மரம் வெட்டப் போகவில்லை. பேரனோ மழை பெய்யும்போதுதான் கூடுதலாக ஓட வேண்டியிருக்கிறது, ஏனெனில் பிறர் வெளியில் போகாத நேரமே அவனுக்கு வருமான நேரம். பிறர் ஓய்ந்திருக்கும் விழாநாளும் அவ்வாறே. செயலியை மூடும் உரிமை அவனுக்கு உண்டு என்பர். கடன் தவணை அந்த உரிமையைப் பயன்படுத்த விடுவதில்லை.

பாட்டன் மிதிவண்டியிலிருந்து இறங்கமாட்டேன் என்று போராடினான். பேரன் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்க முடியாமல் தவிக்கிறான். இரண்டு காலத்திலும் வண்டியை நிறுத்துவதும் ஓட்டுவதும் வேறொருவர் ஆணை. கிராணியார் செக்ரோலில் பெயரெழுதினார்; செயலி மறைவில் மதிப்பெண் எழுதுகிறது. கிராணியாரிடமாவது முகம் இருந்தது. முறையிட ஆபீசு இருந்தது.

சங்கப் பாணனை முன்னர்ப் பயணிகளுக்குச் சான்றாகக் காட்டினோர் இந்த இடத்தில் அவனுடைய அடுப்பையும் காட்ட வேண்டும். ஆற்றுப்படை நூல்களில் வழியின் அழகு எவ்வளவு பேசப்படுகிறதோ, அவ்வளவு பசியும் பேசப்படுகிறது. பயணம் இருந்தது, கலை இருந்தது, விடுதலையும் இருந்தது. அடுத்த வேளைச் சோறு புரவலன் வாயிலில் இருந்தது. புரவலன் முகம் மாறினால் பாணன் சுற்றம் பட்டினி. பாதுகாப்பற்ற விடுதலையின் விலை என்ன என்பதைத் தமிழ்ப் புலவர்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னரே எழுதி வைத்துவிட்டனர்.

இக்குறை அரசுக்கும் தெரியாமலில்லை. சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. முதலில் டாக்சி ஓட்டுநருக்கும் அவர்போல் செயலி வழி வாகனமோட்டுவோருக்கும் விபத்துக் காப்பளித்தது. கிக் தொழிலாளர் சட்டத்தை நாடாளுமன்றம் 2025ஆம் ஆண்டில் நிறைவேற்றியது. அத்தொழிலாளருக்கெனத் தனித் தீர்ப்பாயத்தையும் அச்சட்டம் வகுத்துள்ளது. இவை நற்செயல்கள். முதலாளியே இல்லாத சுதந்திரத் தொழில் என்ற பேச்சு முழு உண்மையானால், முறையிடத் தீர்ப்பாயம் எதற்கு என்பதையும் இளைஞர் எண்ணிப் பார்ப்பாராக.

லங்காவி காட்டும் பாடம்

நெகிழ்வான வேலையும் பயணமும் ஒன்றுசேர முடியாதவை என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. ஒன்றுசேர்ந்து வாழ்வோர் கெடாவிலேயே இருக்கின்றனர். அரசின் மின்னியல் பொருளாதாரக் கழகம் 2022இல் ‘டிஇ ரந்தாவ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. கணினி வழி வேலை செய்துகொண்டே நாடு நாடாகச் செல்லும் வெளிநாட்டார் மலேசியாவில் மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை தங்கலாம், மேலும் நீட்டிக்கலாம். பினாங்கும் லங்காவியும் இத்திட்டத்துக்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட இடங்கள். கணினித் துறையைச் சார்ந்தவர் ஆண்டுக்கு 24,000 அமெரிக்க டாலர் வருமானம் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை.

குறைந்தபட்சச் சம்பளம் பெறும் குருண் தொழிலாளியின் ஆண்டு வருமானம் 20,400 வெள்ளி. லங்காவிக் கடற்கரையில் கணினியைத் திறந்து அமர்ந்திருப்பவரிடம் எதிர்பார்க்கப்படும் வருமானம் இதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. இருவரும் ஒரே மாநிலத்தில் ஒரே வெயிலில் இருக்கின்றனர். முன்னவர் பயணத்தை அரசு ‘பொருளாதார வளர்ச்சி’ என்று வரவேற்கிறது. பின்னவர் பயணத்தைப் பக்கத்து வீட்டார் ‘ஊதாரித்தனம்’ என்று வைகின்றனர். செயல் ஒன்றே, பெயரை மாற்றுவது பணம்.

இருவருக்கும் உள்ள வேறுபாடு துணிச்சலில் இல்லை. கையிலுள்ள திறனிலும் ஒப்பந்தத்திலும் இருக்கிறது. முன்னவரின் வேலையை அவர் இருக்குமிடத்திலிருந்து செய்ய முடியும். எளிதில் மாற்ற முடியாத திறன் அவரிடம் உண்டு. ஆகவே அவர் நிபந்தனை பேசுகிறார். பின்னவரின் இடத்தில் நாளையே வேறொருவரை அமர்த்தலாம். ஆகவே அவருக்கு நிபந்தனை விதிக்கப்படுகிறது. மேடையேறிக் கனவு காணச் சொல்வதால் இந்த இடைவெளி அடையாது. திறனைக் கற்பித்தும், கூட்டாகப் பேசும் ஆற்றலை வளர்த்தும், சட்டத்தைப் படிக்கச் செய்துமே அடையும்.

சட்டம் திறந்த கதவு

சட்டம் என்றவுடன் பலர் கதவைச் சாத்திக்கொள்கின்றனர். திறந்திருக்கும் கதவையாவது பார்க்க வேண்டாமா? 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, அத்திருத்தம் 2023 ஜனவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. வாரத்துக்கு 48 மணி நேரமாக இருந்த வேலை வரம்பு 45ஆகக் குறைந்தது. நெகிழ்வு வேலை ஏற்பாட்டுக்குத் தனிப் பிரிவும் சேர்க்கப்பட்டது. வேலை செய்யும் நேரம், நாள், இடம் ஆகியவற்றை மாற்றித் தருமாறு தொழிலாளி எழுத்து வழி விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து வழி விடையளிக்க வேண்டும். மறுத்தால் காரணம் கூற வேண்டும். மறுப்பை எதிர்த்து முறையிடும் வழியை அப்பிரிவு கூறாதது பெருங்குறை. ஆயினும், கேட்கவே அஞ்சிய இடத்தில் கேட்கும் உரிமை எழுதப்பட்டுள்ளது.

இதன் பயனை எண்களால் காணலாம். வாரம் 45 மணி நேரத்தை ஆறு நாளில் பரப்பினால் நாளொன்றுக்கு ஏழரை மணி. இரு தரப்பும் உடன்பட்டால் ஒரு நாளில் ஒன்பது மணி வரை வேலை வைத்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. ஒன்பது மணி வீதம் ஐந்து நாளில் அதே 45 மணி முடிந்துவிடும். சம்பளத்தில் ஒரு காசும் குறையாமல் ஆண்டுக்கு 52 நாள் மீள்கிறது. வாரத்துக்கு இரண்டு நாளாக 104 நாள். பொதுவிடுமுறை 11 நாள். இரண்டாண்டு நிறைவு பெறாத புதிய தொழிலாளிக்குங்கூட ஆண்டு விடுப்பு 8 நாள். கூட்டினால் 123 நாள். ஓராண்டில் மூன்றில் ஒரு பங்கு! பணிக்காலம் ஐந்தாண்டைக் கடந்தால் ஆண்டு விடுப்பு 16 நாளாக உயரும். சேமநிதியும் காப்புறுதியும் குலையாமல் இவ்வளவு நாள் கிடைக்கும்போது, வேலையைத் துறந்துதான் உலகைப் பார்க்க வேண்டும் என்று இளைஞனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார்?

ஒருவன் தனித்து விண்ணப்பித்தால் மறுப்பது எளிது. ஒரு பிரிவினர் அனைவரும் தொழிற்சங்கத்தின் வழியே விண்ணப்பித்தால் மறுப்பது எளிதன்று. தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் 1954இல் அமைந்தபோது தொழிலாளர் உணர்ந்த உண்மை இது. ஆலைகளிலும் அலுவலகங்களிலும் சிதறிக் கிடக்கும் அவர்தம் வழித்தோன்றல்கள் அதை மறந்துவிட்டனர். தனித்தனியே சுதந்திரம் தேடுவோர் தனித்தனியே விலைபோகின்றனர்.

பெண்களின் நாள்

இவ்விவாதத்தில் பெண்களை மறந்து பேசுதல் பெரும்பிழை. ‘இளைஞன் ஊர் சுற்றுகிறான்’ என்று பழிப்போரும் புகழ்வோரும் ஆணையே மனத்தில் கொள்கின்றனர். தோட்டத்தில் ஆணுக்கு நிகராக மரம் வெட்டிய பெண், பெரட்டுக்கு முன்னரே எழுந்து சோறாக்கினாள். பால் நிறுத்த பின்னர்த் துணி துவைத்தாள். ஆணுக்குப் பிற்பகல் இருந்தது. அவளுக்கு அதுவும் இல்லை.

நெகிழ்வு வேலை ஏற்பாடு வந்தபின்னும் பெண்ணுக்கு அது வீட்டு வேலையைக் கூடுதலாகச் செய்வதற்கான வாய்ப்பாகவே முடிகிறது. கணினியின் ஒரு பக்கம் கணக்கு, மறுபக்கம் குழம்புச் சட்டி. வீட்டிலிருந்து வேலை செய்கிறாள் என்றால், வீட்டு வேலையும் சேர்த்துச் செய்கிறாள் என்றே குடும்பத்தார் பொருள்கொள்கின்றனர். மீண்ட 52 நாளும் அவளுக்கு அடுப்படியில் கரையுமானால் அந்தச் சீர்திருத்தம் பாதி மக்களுக்குப் பொய். தாயோ அக்காளோ தோழியரோடு மூன்று நாள் பினாங்குக்குப் போய்வருகிறேன் என்றால், ‘வீட்டை யார் பார்ப்பது?’ என்று கேட்கும் வாய் அடைபட வேண்டும். வீட்டில் இருப்போர் அனைவரும் பார்க்கலாம் என்பதே விடை.

தமிழாசிரியர் கடமை

இத்தகைய செய்திகளுக்கும் தமிழ் வகுப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் இருக்கலாம். நேரடித் தொடர்பு உண்டு. ‘என் எதிர்காலம்’ என்று தலைப்புக் கொடுத்தால் மாணவர் மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர் என்று மனப்பாடமாக எழுதுகின்றனர். எத்தகைய வேலை என்று எழுதத் தெரிந்த மாணவனுக்கு, எத்தகைய வாழ்வு என்று எழுதத் தெரிவதில்லை. வாழ்வின் பொருட்டு வேலை என்பதை எந்த வகுப்பிலும் அவன் கேட்கவில்லை.

அலுவல் கடிதம் பாடத்திட்டத்தில் உள்ளது. மைதானத்தில் குப்பை சேர்ந்ததைப் பற்றி நகராண்மைக் கழகத்துக்குப் புகார்க் கடிதம் எழுதுவதோடு அது நின்றுவிடுகிறது. வேலை நேரத்தை மாற்றித் தருமாறு முதலாளிக்கு எழுதும் விண்ணப்பத்தையும் எழுதப் பழக்கலாமே! என்ன மாற்றம், எந்நாள் முதல், நிறுவனத்தின் பணி அதனால் குன்றாமல் இருக்க என்ன ஏற்பாடு என்று பணிவும் தெளிவுமாக எழுதக் கற்றவன் எங்கும் தலைகுனியமாட்டான். சேமநிதி அறிக்கையைப் படிக்கவும், ஒப்பந்தத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கேள்வி கேட்கவும் பதினேழு வயதிற்குள் தெரிந்திருக்க வேண்டும். ‘உன் நேரம் உன் கையில்’ என்னும் விளம்பரத்தையே கருத்துணர் பகுதியாகக் கொடுத்து, இதில் கூறப்பட்டது எது, கூறாமல் விடப்பட்டது எது என்று வினவலாம். இதனினும் பயனுள்ள கருத்துணர்தல் வேறு உண்டோ?

பயணத்தையும் பள்ளியே தொடங்கி வைக்க வேண்டும். கல்விச் சுற்றுலா என்றால் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம் என்று ஆகிவிட்டது. ஜெராயின் அடிவாரத்தில் வளரும் பிள்ளை ஜெராயில் ஏறிப் பார்க்கட்டும். மெர்போக்கில் நின்று, கடல் கடந்து வந்த வணிகரை எண்ணிப் பார்க்கட்டும். பீடோங் சாலையில் போகும்போது, இங்கே 1947இல் மாலைப்பொழுதுக்காக மக்கள் சிறை சென்றனர் என்று ஆசிரியர் சொல்லட்டும். சிறிது தொலைவில் உள்ளதைக் காணப் பழகிய கண் பெருந்தொலைவையும் அறிவோடு காணும். பிறர் பொறாமைப்படப் படம் எடுத்துப் போடுவதற்காகக் கடன்பட்டுப் பறக்காது. கடன்பட்ட உல்லாசம் திரும்பி வந்தபின் ஆறு மாதச் சிறை என்பதையும் இளைஞரிடம் ஒளிக்காமல் கூற வேண்டும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல் உரியது. மகனோ மகளோ விடுப்பெடுத்துப் பயணம் போக எண்ணும்போது, ‘பொறுப்பில்லை’ என்று கூறுமுன் மூன்று கேள்வி கேட்கலாம். வேலை ஒப்பந்தம் உன்னிடம் இருக்கிறதா? சேமநிதியில் மாதந்தோறும் பணம் சேர்கிறதா? இந்தச் செலவு சேமிப்பிலிருந்தா, கடனிலிருந்தா? மூன்றுக்கும் விடை செம்மையாக இருந்தால், வழிச்செலவுக்குக் கொஞ்சம் கையில் கொடுத்து அனுப்புவதே முறை.

நேரம் மீட்கப்பட வேண்டிய உடைமை. காட்டை அழித்துத் தோட்டமாக்கிய மக்கள் ஒரு காணி நிலத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை என்று வருந்துவோர் பலர். நிலத்தைப் போலவே நேரத்தையும் அவர்கள் பிறர் பெயரில் எழுதிக் கொடுத்தனர். கட்டாயத்தால் எழுதிக் கொடுத்தனர். இன்றைய தலைமுறை கட்டாயமின்றி, விளம்பரம் பார்த்து மயங்கி எழுதிக் கொடுப்பதைத்தான் பொறுக்க இயலவில்லை. பழிப்போர் வாயை மூடுக. விலைபேசுவோர் கடையை மூடுக. தன் நாளைத் தானே வகுத்து, உரிய கூலியோடும் உரிய காப்போடும் உழைத்து, உடலில் வலு உள்ளபோதே உலகைக் கண்டு மகிழும் உரிமை தொழிலாளியின் பிள்ளைக்கு உண்டு. அதைக் கேட்டுப் பெறும் தமிழை அவனுக்குக் கற்பிப்பது தமிழ்ப்பள்ளியின் கடன்.